பசியாறுதல்

மலேசியத் தமிழர் காலையுணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்பர். தமிழகத்திலிருந்து புதிதாக வரும் விருந்தினர் இச்சொல்லைக் கேட்டு வியப்பதுண்டு. இங்கே வீட்டு வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி அலுவலகத்திலும் காலை வணக்கத்தை அடுத்து வரும் வினா, "பசியாறியாச்சா?" என்பதே. உண்பதை மட்டும் சொல்லாமல், அதற்கு முன்னிருந்த பசியையும் அது தணிந்ததையும் சேர்த்துச் சொல்லும் சொல் இது. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனவர் யார், ஏதோ கொஞ்சம் உண்டுவிட்டுப் போனவர் யார் என்று அறிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்த மக்களிடையே புழங்கிய சொல். இன்றோ, இரவு பத்து மணிக்கு உணவகத்தில் மூன்றாம் வேளையையும் முடித்துவிட்டு வீடு திரும்பியவர்கள், மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே உணவகத்தில் ஒருவரையொருவர் இவ்வினாவால் நலம் விசாரித்துக்கொள்கின்றனர். சொல் அப்படியே இருக்கிறது; அது குறித்த பசிதான் இல்லை.

ஈப்போவை அடுத்த ஒரு தாமானில், வரிசை வீடொன்றில், மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். இத்தகைய குடும்பங்கள் இந்நாட்டில் பல்லாயிரம் உண்டாதலால் பெயர் தேவையில்லை. எண்பதைத் தாண்டிய பாட்டி பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டியவர். கைநரம்புகள் தெரியும் மெலிந்த உடல். இன்றும் கைத்தடியின்றி நடக்கிறார். மகன் லோரி ஓட்டுநர், ஐம்பதை எட்டியவர். அவருடைய எடை நூறு கிலோவைக் கடந்து பல ஆண்டுகளாயின. இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கி உண்கிறார். மருமகள் மின்னியல் தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவர். பேரன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன். பள்ளிச் சீருடையை ஆண்டின் நடுவில் ஒருமுறை மாற்றித் தைக்க வேண்டியிருக்கிறது. உயரம் கூடியதற்காக அன்று. ஒரே குருதி, ஒரே சமையலறை. ஆயினும் பாட்டியின் உடலுக்கும் பேரனின் உடலுக்கும் இடையே ஒரு நாட்டின் அறுபதாண்டு வரலாறு கிடக்கிறது.

பாட்டியின் அந்நாள் உணவு இப்படி இருந்தது. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பாலில்லாத வரக்கோப்பி ஒரு குவளை. பிறகு பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனால் நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குனிவு, ஒரு நிமிர்வு. மேடும் பள்ளமும் ஏறியிறங்கும் நடை. வெட்டி முடித்து, மங்குகளில் பால் நிறையும் இடைவேளையில், தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோற்றை மரத்தடியில் அமர்ந்து உண்பர். முதல்நாட் சோறும் சுட்ட கருவாடும் ஒரு பச்சை மிளகாயும், அதுவே பசியாறுதல். பிறகு பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பின் இருபுறமும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீடு திரும்ப ஒரு மணியாகும். அதன்பின் விறகும் தண்ணீரும் துணியும் பிள்ளையும். அந்தி நேரத்தில் லயத்துக்குப் பின்னால் பயிரிட்டிருந்த பசலைக்கும் பயற்றங்காய்க்கும் தண்ணீர் ஊற்றுவார்.

இரவுச் சாப்பாட்டில் சோறு நிறையவே இருக்கும். இதை மறைத்துப் பேசுவோர் உண்டு. அந்தக் காலத்தில் அளவோடு உண்டனர், ஆதலால் நலமாக வாழ்ந்தனர் என்று மேடைகளில் சொல்லப்படுவது உண்மையன்று. கிடைத்தபோது வட்டில் நிறையச் சோறு போட்டே உண்டனர். உடல் அதைக் கேட்டது. பருப்போ கருவாட்டுக் குழம்போ ஒன்று, முருங்கைக் கீரையோ பசலையோ ஒன்று. ஆட்டிறைச்சி தீபாவளிக்கும் சம்பள நாளுக்கும் உரியது. கோழி, விருந்தினர் வந்தால். சீனி தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கும் பொருள். அதை டப்பாவில் இட்டுப் பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பார்கள்.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிடுவதும் தவறு. இரத்தச் சோகை, கொக்கிப்புழு, மலேரியா, பிள்ளைப் பேற்றில் இறந்த தாய்மார், ஓராண்டு நிறையுமுன் மண்ணுக்குப் போன குழந்தைகள். இவையெல்லாம் அதே தோட்டத்தில்தான் இருந்தன. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே மூன்று வேளை உணவாயிற்று. அந்தத் தலைமுறைத் தாய்மார் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு பருக்கையைக் கீழே சிந்த விட்டதில்லை. தட்டில் மீதி வைக்கும் பிள்ளையை அவர்கள் அதட்டிய அதட்டலே அவர்களுடைய மக்களின் காதிலும், மக்களின் மக்கள் காதிலும் இன்றும் ஒலிக்கிறது. பசி போய்விட்ட பிறகும் பசிக்கு அஞ்சி வகுத்த ஒழுக்கம் மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. பாட்டியின் வீட்டில் சோறு மீந்தால், மறுநாள் குப்பைக்குப் போவதற்குப் பதிலாக அன்றிரவே யாரேனும் ஒருவரின் தட்டுக்குப் போய்விடும். பெரும்பாலும் மகனின் தட்டுக்கு.

அந்நாட் சோறும் இந்நாட் சோறும் ஒன்றன்று. தோட்டத்துத் தமிழர் உண்டது புழுங்கலரிசி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று மாண்டவர்களுள் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர். ஆனால் அதே நாட்டில் அதே வெயிலில் உழைத்த தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து, தமிழர் புழுங்கலரிசி உண்பதும் சீனர் தீட்டிய வெள்ளையரிசி உண்பதுமே அதற்குக் காரணம் என்று எழுதினார். 1905 இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பிரிவினருக்கு வெள்ளையரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் ஓராண்டுக் காலம் தரப்பட்டன. வெள்ளையரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோய்க்கு ஒருவரும் பலியாகவில்லை. அரிசியைத் தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் சத்து இருக்கிறது என்பதைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் பின்னர்க் காட்டினர். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஏழைக் கூலியின் கொட்டை அரிசியே அவனைக் காத்தது என்னும் இச்செய்தி, தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டிய ஒன்று.

அப்படியிருந்தும் காசு கொஞ்சம் கைக்கு வந்ததும் பல குடும்பங்களில் முதலில் வெளியேறியது புழுங்கலரிசிதான். அது தோட்டத்து அரிசி, கூலியின் அரிசி என்று கருதப்பட்டது. வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும் சியாம் அரிசி மதிப்பின் அடையாளமாயிற்று. இன்று அந்தத் தாமான் வீட்டில் மகனும் பேரனும் உண்பது பச்சரிசிச் சோறே. பாட்டி மட்டும் தமக்கெனத் தனியே ஒரு சிறு பானையில் புழுங்கலரிசி வடிக்கிறார். உடல்நலம் பற்றி அவர் எதுவும் அறிந்து செய்வதன்று. "அந்தச் சோறு வயித்துல நிக்க மாட்டேங்குது" என்பது மட்டுமே அவருடைய விளக்கம். புழுங்கலரிசி மெதுவாகச் செரிப்பது என்று உணவியலார் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

அரிசியைப் போலவே பாலும் மாறிற்று. தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர் சிலர்; பால் வாங்கக்கூடியவர் அதனினும் சிலர். அந்த இடத்தைத் தகர டின்னில் வந்த இனிப்புக் கெட்டிப்பால் பிடித்துக்கொண்டது. கெடாது, குளிர்ப்பெட்டி வேண்டாம், சீனியும் தனியே போட வேண்டாம். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்த ஒருவர் 1939 இல் சிங்கப்பூரில் இருந்தார். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், சிங்கப்பூர் ரோட்டரிக் கழகக் கூட்டமொன்றில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தூண்டும் விளம்பரங்களால் குழந்தைகள் மாள்வதைக் கண்டு பொறுக்காமல் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அன்று அந்தப் பால் குழந்தைகளை மெலிய வைத்துக் கொன்றது. எண்பதாண்டுகளுக்குப் பின், அதன் வழிவந்த, செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்புப் பாலேடு ஒரு நாளைக்கு நான்கு குவளைத் தே தாரிக்கில் கலந்து பெரியவர்களின் உடலில் சேர்கிறது. இன்று பாலென்று அதை எழுத முடியாமல் டின்மேல் வேறு பெயர் அச்சிட்டிருப்பதைக் கூட வாங்குவோர் பலர் கவனிப்பதில்லை.

இதுவரை கூறியவை தோட்டத்தில் இருந்தபோதே தொடங்கிய மாற்றங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியதும் எல்லாம் விரைந்தன. 1970 இல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவானோரே நகரங்களில் வாழ்ந்தனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 75 பேர் நகரவாசிகள். 1972 இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல், ஆயிரமாயிரம் பெண்கள் மின்னியல் தொழிற்சாலைகளுக்கு முறைவேலைக்குப் போயினர். ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தை விட்டு வந்தவர்களுக்கு அடுக்குமாடி வீட்டில் கீரை நடவும் இடமில்லை, கோழி வளர்க்கவும் வழியில்லை. சாலையும் மோட்டார் சைக்கிளும் வந்தன. 1985 இல் புரோட்டோன் சாகா வந்தது. தோட்டத்தில் நாள்தோறும் சில கல் தொலைவு நடந்த கால்கள் அரைக்கல் தொலைவிலுள்ள கடைக்கும் வண்டியைத் தேடின. லோரி ஓட்டும் மகன் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே உழைக்கிறார். உழைக்கவில்லை என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த உழைப்பில் உடலுக்குப் பங்கில்லை. தட்டு மட்டும் பால்மரம் வெட்டியவரின் தட்டாகவே இருக்கிறது.

உடற்பருமனைப் பற்றிப் பேசும்போது பழி பெரும்பாலும் வெளிநாட்டுக் கோழிக்கும் ரொட்டிக்கும் போகிறது. 1963 இல் ஏ அண்ட் டபிள்யூ வந்தது. 1973 இல் கே.எப்.சி. வந்தது, 1982 இல் மெக்டோனல்ட்ஸ் வந்தது. இவற்றின்மேல் குற்றமில்லை என்று சொல்வதற்கில்லை. பிறந்தநாள் என்றால் அங்கேதான் போக வேண்டும் என்னும் எண்ணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் விதைத்தவர்கள் அவர்களே. ஆயினும் மகன் அங்கே போவது மாதத்துக்கு ஒருமுறை. நாள்தோறும் அவர் அமர்வது மூலைக் கடையில். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்; அது காலை. ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி உண்டு. நண்பகலில் நாசி கண்டார். மேலே மூன்று வகைக் குழம்பு. மாலையில் பொரித்த வாழைப்பழமும் மறுபடி ஒரு தேயும். இரவில் மீ கோரெங். இவற்றுள் ஒன்றுகூட அயல்நாட்டுப் பெயரட்டை தாங்கி வந்ததன்று. மலேசியர் எல்லாரும் தம் உணவென்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பட்டியல் இது. நாசி கண்டாரையும் ரொட்டி சானாயையும் இந்நாட்டுக்குத் தந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களே என்று தமிழர் கூடுதலாகவே பெருமைப்படலாம். விழாக்காலத்துக்கும் உழைப்பாளியின் ஒரு வேளைக்கும் உரியதாயிருந்தவை, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடையில், எல்லாருக்கும், எல்லா வேளைக்கும் உரியனவாகிவிட்டன என்பதே இடர்.

ஏன் இவையே மலிவாகக் கிடைக்கின்றன என்று கேட்டால், கடையை விட்டு அரசாங்கக் கணக்கேட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏழைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய் மூன்றையும் அரசாங்கம் நெடுங்காலம் விலைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது, உதவித்தொகையும் தந்தது. 2009 இல் ஒரு கிலோ சீனியின் விலை 1 வெள்ளி 45 காசு. படிப்படியாக உயர்த்தி, 2013 அக்டோபரில் உதவித்தொகையை முற்றாக நீக்கியபோது 2 வெள்ளி 84 காசாயிற்று. சமையல் எண்ணெய்க்கான உதவித்தொகை 2016 நவம்பரில் புட்டிகளுக்கு நிறுத்தப்பட்டு, ஒரு கிலோப் பொட்டலத்துக்கு மட்டும் 2 வெள்ளி 50 காசு என்னும் விலையில் தொடர்ந்தது. பசியை அறிந்தவர்கள் இரக்கத்தால் வகுத்த திட்டம் இது; பழிக்கத்தக்கதன்று. ஆனால் மாவு, எண்ணெய், சீனி மூன்றும் சேர்ந்தால் ரொட்டி சானாயும் ஒரு குவளைத் தேயும் ஆகின்றன. ஒரு கட்டுக் கீரைக்கோ ஒரு கிலோ பயற்றங்காய்க்கோ ஆண்டு முழுவதும் அத்தகைய காவல் இருந்ததில்லை. மழைக்காலத்தில் கேமரன் மலையில் சாலை சரிந்தால் காய்கறி விலை ஏறும். சீனி விலை ஏறாது. ஐந்து வெள்ளியை வைத்துக்கொண்டு நால்வரின் வயிற்றை நிரப்ப வேண்டிய தாய் எதை வாங்குவாள் என்பதைக் கணக்குப் பாடத்தில் சேர்க்கலாம். ஏழையின் உடற்பருமனைக் கண்டு, உண்டு கொழுத்தவன் என்று நகைப்போர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இம்மாற்றங்களின் விளைவைத் தேசிய உடல்நல ஆய்வுகள் எண்களாகப் பதிந்துள்ளன. 1996 ஆய்வில் பெரியவர்களுள் கூடுதல் எடையுடையோரும் உடற்பருமனுடையோரும் சேர்ந்து நூற்றுக்கு 21 பேர். அதாவது ஐவரில் ஒருவர். 2019 இல் நூற்றுக்கு 50.1. 2023 இல் 54.4. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்க்கே: 2019 இல் இந்தியப் பெரியவர்களுள் நூற்றுக்கு 63.9 பேர் இவ்விரு நிலைகளுள் ஒன்றில் இருந்தனர். அதே ஆய்வில் நாடு முழுவதும் நீரிழிவுடையோர் நூற்றுக்கு 18.3, இந்தியருள் 31.4. தேர்வு முடிவுகளிலும் பொருளாதாரப் பங்கிலும் எண்களைத் தேடித் தேடிக் கவலைப்படும் சமூகம், இந்த எண்களை ஏனோ நாளிதழின் உள்பக்கத்திலேயே விட்டுவிடுகிறது. இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் நாற்காலிகளிலும், கால் புண் ஆறாமல் மருத்துவமனை வார்டில் கிடப்போரிடையிலும் தமிழ் ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த விழுக்காடு எதுவும் புதிதாக இராது.

உடலமைப்பிலும் ஒரு மறைபொருள் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் புனே வட்டாரக் குழந்தைகளையும் இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரக் குழந்தைகளையும் பிறந்தவுடன் ஒப்பிட்டனர். இந்தியக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. எடை குறைவாயினும், தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. மெலிந்த உருவுக்குள் கொழுப்பைப் பேணிக்கொண்டே பிறக்கும் இவ்வுடல், தலைமுறை தலைமுறையாகக் குறைந்த உணவைக் கண்ட தாய்மாரின் வயிற்றில் உருவானது என்று கருதுவோர் உளர். அத்தகைய உடலுக்கு மிகுதி வந்து சேரும்போது அது மற்றவர்களைவிட விரைவில் இடர்ப்படுகிறது. ஆசிய மக்களுக்கு, எடை மிகுதியை வழக்கமான அளவைவிடக் கீழான எல்லையிலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004 இல் கூறியதும் இதுபோன்ற காரணங்களால்தான். பாட்டியின் தாய் பட்ட பசி, பேரனின் உடலில் வேறு வடிவில் எஞ்சியிருக்கக்கூடும்.

பள்ளிக்கூடத்தில் இவை அனைத்தும் ஒரே காலை வேளையில் வந்து கூடுகின்றன. பேரனைப் பள்ளி வேன் ஆறு மணிக்கே ஏற்றிச் செல்கிறது. தாய் இரவு முறைவேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருப்பாள். வீட்டில் பசியாற நேரமில்லை; கையில் காசு. ஓய்வு மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் முந்நூறு பிள்ளைகள் இருபது நிமிடத்தில் உண்டு முடிக்க வேண்டும். நாசி லெமாக், மீகூன், பொரித்த கோழித்துண்டு, சிவந்த நிறத்தில் ஒரு சர்பத்து. கல்வியமைச்சு விற்கத் தடைசெய்த பொருள்களின் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் ஒரு தட்டுக் காய்கறிக்கும் பழத்துக்கும் ஆகும் செலவையும், பிள்ளை கொடுக்கும் காசையும், தான் கட்டும் வாடகையையும் குத்தகைக்காரர் கூட்டிப் பார்த்தாக வேண்டும். பல தமிழ்ப்பள்ளிகளுக்குத் திடல் என்று சொல்லத்தக்க நிலமும் இல்லை. சபைகூடும் இடமே விளையாடும் இடம். மழை பெய்தால் அதுவும் இல்லை. உடற்கல்வி வேளையைத் தேர்வுப் பாடங்களுக்கு இரவல் கொடுத்துவிடும் வழக்கத்தைப் பள்ளிகள் தாமே வளர்த்தன. அந்தப் பிழையைச் சிற்றுண்டிச்சாலையின்மேல் ஏற்ற முடியாது.

இன்னொரு புறம், அதே வகுப்பில் மதிய உணவுக்கு வழியில்லாத பிள்ளையும் இருக்கிறான். 1979 முதல் நடைபெறும் துணை உணவுத் திட்டம் அவனுக்காகவே ஏற்பட்டது. 2019 ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலானோருள் நூற்றுக்கு 29.8 பேர் எடை மிகுந்தவர்கள். இரண்டும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே வீட்டில். வளர வேண்டிய வயதில் சத்துக் கிடைக்காதவனும், கிடைத்ததெல்லாம் மாவும் சீனியுமாக இருந்தவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2019 ஜூலை முதல், நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சீனி கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. ஆனால் அவ்வரி ஆலையில் அடைக்கப்பட்ட பானத்துக்கு உரியது. கடைக்காரர் கண்முன்னே இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்கு அன்று. தட்டின் கால்பகுதி சோறு, கால்பகுதி மீனோ இறைச்சியோ, பாதி காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு பரப்பும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை எளியது. பிள்ளைகள் அதை வண்ணம் தீட்டிப் படமாக வரைகின்றனர். வரைந்து முடித்துவிட்டுப் போகும் திருமண மண்டபத்தில், வாழையிலையின் பாதிக்குக் காய்கறியும் கால் பகுதிக்குச் சோறும் வைத்தால் பெண் வீட்டாருக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதை யாவரும் அறிவர்.

இங்கேதான் சிக்கல் கடினமாகிறது. வேண்டாம் என்று சொல்பவரை வற்புறுத்தி இன்னொரு கரண்டி போடுவது அன்பு. முதன்முறை மறுத்ததை மறுப்பாகக் கொள்ளாதிருப்பது பண்பு. நெடுநாள் கழித்துக் கண்டவரிடம் "இளைத்துவிட்டாயே" என்பது இரக்கம். "நன்றாக இருக்கிறாய்" என்பதற்குச் சதை பிடித்திருக்கிறது என்று பொருள். பசியின் நிழலில் வாழ்ந்த மக்களிடம் இவை யாவும் தேவையான ஒழுக்கங்களாக இருந்தன. உணவைக் குறைத்துப் பரிமாறுவதை அன்பின் குறைவாகக் காணாத ஒரு வழக்கம் இனிமேல்தான் உருவாக வேண்டும்; அதைச் சுற்றறிக்கை அனுப்பி உண்டாக்க முடியாது.

பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் நடைபெறும் உடல்தகுதிச் சோதனைக்காகப் பேரனை நிறுத்து, உயரம் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினர். பெற்றோர் கையொப்பம் வேண்டும். தாய் உறங்கிக்கொண்டிருந்தாள். மகன் தொலைக்காட்சி முன் அமர்ந்து இரவு மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தாளைப் பாட்டியே முதலில் வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும். முப்பதாண்டுக் காலம் நிறுவைக் கொட்டகையில் வரிசையில் நின்று, கிராணி தம் பெயருக்கு நேரே என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தவர். முதலில் இராத்தல் கணக்கு, பிறகு கிலோ கணக்கு. எண் கூடினால் சம்பளம் கூடும், குறைந்தால் ஏச்சு. அவருடைய உடலை அங்கே யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

"எத்தனை ராசா?"

"ஐம்பத்திரண்டு, பாட்டி."

"போன தடவை?"

"நாற்பத்தேழு."

"அஞ்சு கிலோ கூடியிருக்கே!" என்று பாட்டி முகம் மலர்ந்து, தாளை மடித்துச் சாமிப் படத்தின் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மைலோ டின்னைத் திறக்கும் ஒலி கேட்டது. அடுத்துக் கெட்டிப்பால் டின்னின் மூடி.

"அம்மா, அதைப் போடாதீங்க" என்றார் மகன், மாத்திரையைக் கையில் வைத்தபடி.

"பிள்ளைக்குத்தானே" என்றார் பாட்டி.